கடலுக்குப் போற ஆளுக்கு எந்தப் போன்? ஆண்ட்ராய்டா, ஐபோனா?

9 ஆகஸ்ட் 2025 (கேள்வி)

சொந்த ஊர் கீழக்கரை, வேலை துபாயில். ரெண்டு மாசத்தில் ஊருக்கு வர்றேன். அக்கா மாப்பிள்ளைக்கு ஒரு போன் வாங்கி வரணும். மச்சான் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போறவர். ஐபோன்னா தண்ணி புகாது, கடலுக்கு அதுதான் சரின்னு ரூமில் எல்லாரும் சொல்றாங்க. உண்மையா? ஆண்ட்ராய்டு வாங்கினா பாதி விலையில் முடிஞ்சிரும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

10 ஆகஸ்ட், காலை (பதில்)

ஆண்ட்ராய்டு வேண்டாம் தம்பி. நான் பட்டுட்டுச் சொல்றேன்.

நாங்க தங்கச்சிமடம். வீட்டுக்காரர் வடகடலில், அதான் பாக் நீரிணைப் பக்கம், நண்டு வலை போடுறவர். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ராமநாதபுரத்தில் தவணையில் புதுப் போன் எடுத்தோம், 23,000 ரூபாய். கண்ணாடி மாதிரி திரை, நாள் முழுக்க நிக்கிற பேட்டரி. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

ராத்திரி இரண்டரைக்குக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டு விட்டுருவார். 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு மூணு அளவு இருக்குமே, அதில் எட்டு. பழைய போனில் நாலஞ்சு வருஷமா அப்படித்தான். நான் ஒரு கண்ணை அதில் வச்சுக்கிட்டே தூங்குவேன். புதுப் போனோடு போன மூணாவது ராத்திரி, 3.10-க்குப் புள்ளி நின்னு போச்சு. கடைசியாகப் புதுப்பித்தது 3.10-க்குன்னு காட்டுது, அவ்வளவுதான். போன் அடிச்சா மணி போகுது, எடுக்கலை. இன்ஜின் சத்தத்தில் கேக்கலைன்னு பின்னாடி தெரிஞ்சது. ஏழு மணிக்குக் கரையேறி வர்ற வரைக்கும் வாசப்படியிலேயே உக்காந்திருந்தேன். மாமியார் மூணு தடவை வந்து, "ஏத்தா, அவுக அப்பா காலத்துல எந்தப் புள்ளியப் பாத்தோம்? வந்துருவான், உள்ள வா"ன்னு கூப்பிட்டாங்க. எந்திரிக்க முடியலை.

வந்து போனைக் காட்டினார். ஆன்லதான் இருக்கு. சிக்னல் இருக்கு. சார்ஜ் 80-க்கு மேல. லொகேஷன் மட்டும் செத்துக் கிடக்கு.

10 ஆகஸ்ட், இரவு

காலையில் எழுதினதில் ஒண்ணு தப்பு. கோபத்தில் எழுதிட்டேன்.

ஒரு நாள்கூட புள்ளி நிக்காத அந்தப் பழைய போனும் ஆண்ட்ராய்டுதானே. மகன் படிச்சுட்டு, "ஆண்ட்ராய்டைத் திட்டினா பழைய போனையும் சேத்துத் திட்டினதாயிரும்மா"ன்னான். சரியான பேச்சு.

அதனால் பிரிச்சுச் சொல்றேன். ஆண்ட்ராய்டு கூகுள் 2005-ல் வாங்கினது, அதை வச்சு முதல் போன் 2008-ல் வந்தது. அடிப்படை ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு மேல தன் சட்டையை மாட்டி விடுது. அந்தச் சட்டைக்குள்ள கம்பெனியோட சொந்த பேட்டரிக் காவல்காரன் ஒருத்தன் இருக்கான். திரை அணைஞ்சு கொஞ்ச நேரம் ஆனா, உள்ள ஓடிக்கிட்டிருக்கிற செயலிகளை அவன் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிருவான். விளம்பரத்தில் "ரெண்டு நாள் சார்ஜ்"னு போடுறதுக்கு இதுவும் ஒரு வழி. ஐபோனில் அந்தச் சட்டை கிடையாது, போனைச் செய்யறவனும் அதுக்கு மென்பொருள் எழுதறவனும் ஒரே ஆள்.

11 ஆகஸ்ட்

தண்ணி விஷயம் விட்டுப் போச்சு. ஐபி67, ஐபி68-ங்கிறதெல்லாம் நல்ல தண்ணியில் சோதிச்சுக் கொடுக்கிற தரம். ஐபி67-ன்னா ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். உப்புத் தண்ணிக்கு அந்த எண் ஒண்ணும் சொல்லலை. உப்பு சார்ஜர் வாயில் இறங்கிக் காஞ்சா பித்தளைக் காலெல்லாம் பச்சை பூத்துரும். எந்தப் போனா இருந்தாலும் கழுத்தில் தொங்குற பிளாஸ்டிக் உறை போட்டே ஆகணும். ஈரக் கையில் தொடுதிரை சரியா வேலை செய்யாது, உறைக்கு மேல நண்டுத் தண்ணி பட்டா தானா அழுத்திக்கும். இதில் ஆண்ட்ராய்டு, ஐபோன் பேதமே கிடையாது.

13 ஆகஸ்ட்

நேத்து அவர் தடம் பதியுற செயலியைத் திறந்து காட்டினார். இதை நான் மறக்க மாட்டேன்.

வலை போட்ட இடத்தைப் போனில் குறிச்சு வச்சுக்குவாங்க. போன பாதை கோடாக விழும், அந்தக் கோட்டைப் பிடிச்சே திரும்புவாங்க. எங்க வடகடலில் கரையை ஒட்டிப் பார், அதான் கடலடிப் பாறைத் திட்டு, இருக்கு. பாருக்கு நடுவில் எங்க வழி இருக்குன்னு பார்த்துத்தான் வளைஞ்சு வெளியே போகணும். நேராப் போனா படகோட அடி கிழிஞ்சுரும். பழைய போனில் இருக்கிற கோடெல்லாம் அப்படித்தான் பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கும்.

புதுப் போனில் கரையிலிருந்து கொஞ்சம் வளைஞ்சு போன கோடு, அப்புறம் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா பாருக்கு மேலயே ஏறி வலை கிடக்கிற இடத்துக்குப் போயிருக்கு. செயலி நடுவில் தூங்கிப் போச்சு. வலைகிட்ட போய் அவர் திரையைத் தொட்டப்ப முழிச்சுது. கடைசியாத் தெரிஞ்ச புள்ளியையும் இப்பத்த புள்ளியையும் அதுவாச் சேர்த்துக் கோடு போட்டுருச்சு. அவருக்கு வழி தெரியும், பாம்பன் லைட் ஹவுஸையும் ராமேஸ்வரம் டிவி கோபுரத்தையும் பார்த்தே வந்துருவார். 323 மீட்டர் கோபுரம், உச்சி விளக்கு ரொம்பத் தூரத்துக்குத் தெரியும். ஆனா புதுசா தொழிலுக்கு வர்ற பையன், மூடாப்பு நேரத்தில், அந்தக் கோட்டை நம்பி வந்தா?

நிக்குறதைக்கூட பொறுத்துக்கலாம். இல்லாத பாதையை இருக்கிற மாதிரி காட்டுதே, அதைத்தான் பொறுக்க முடியலை.

14 ஆகஸ்ட்

ராத்திரி மகனோட உக்காந்து பார்த்தோம். இந்தக் காவல்காரனைக் கட்டிப் போட வழி இருக்கு. டோன்ட் கில் மை ஆப்னு ஒரு தளத்தில் கம்பெனி வாரியா எழுதி வச்சிருக்காங்க. உலகம் முழுக்க இதே அழுகைதான் போல.

நாங்க செஞ்சது: செட்டிங்ஸில் அந்தச் செயலியோட பேட்டரி பகுதிக்குப் போய் "கட்டுப்பாடு இல்லை"ன்னு மாத்தினோம். தானாகத் தொடங்க அனுமதின்னு தனியா வேற இடத்தில் ஒரு பொத்தான், அதையும் போட்டோம். சமீபத்துச் செயலிகள் வரிசையில் அதைப் பூட்டுப் போட்டு வச்சோம். லொகேஷன் அனுமதி "பயன்படுத்தும்போது மட்டும்"னு இருந்ததை "எப்போதும்"னு ஆக்கினோம். நாலும் நாலு மூலையில் ஒளிச்சு வச்சிருக்கு.

கூகுளோட சொந்த விதி இவ்வளவு மோசமில்லை. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னால் ஓடுற செயலி இடத்தை மணிக்குச் சில தடவைதான் கேக்கலாம். ஆனா மேலே அறிவிப்பு போட்டு "நான் ஓடிக்கிட்டிருக்கேன்"னு பகிரங்கமாச் சொல்ற செயலிக்கு முழுசா விட்டுருது. நியாயமான ஏற்பாடு. கம்பெனிக்காரன்தான் அந்தச் சொல்லை மதிக்க மாட்டேங்கிறான்.

22 ஆகஸ்ட்

எட்டு நாளா நிக்கவே இல்லை. கோடும் வளைஞ்சு சரியா விழுது. போனை அநியாயமாத் திட்டிட்டேனோன்னு இருக்கு. நாங்கதான் பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே செட்டிங்ஸைப் பார்த்திருக்கணுமோ?

இன்னொரு விஷயமும் கண்டுபிடிச்சோம். கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக போன் டவரைத் தேடியே சார்ஜைத் தின்னுது. ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது மேலிருந்து வர்றதைக் கேக்குறது மட்டும்தான். சிக்னல் இல்லாத தூரத்தில் இப்படிப் போட்டுக்கலாம்.

23 ஆகஸ்ட்

நேத்துச் சொன்ன ஏரோப்ளேன் மோடை அப்படியே எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரர் படிச்சுட்டுக் கடிஞ்சுக்கிட்டார். பக்கத்துப் படகு இன்ஜின் கோளாறுன்னு கூப்பிட்டா எப்படிக் கேக்கும்? கடலோரக் காவல் படைக்கு 1554 அடிக்கணும்னா முதலில் அதை எடுத்து விட்டு, டவர் பிடிச்சு, அப்புறம்தானே? ராத்திரி அலையில் அது லேசில்லை. எங்க படகு போற தூரத்துக்குச் சிக்னல் வந்து வந்து போகும், அதனால் நாங்க போட மாட்டோம். கூடுதலா ஒரு பவர் பேங்க் பெட்டியில் கிடக்கட்டும்.

இதையும் சொல்லிடறேன். கரையில் சிக்னல் இருக்கும்போதே ஜிபிஎஸ்ஸைப் போட்டு இடம் பிடிக்க விட்டுட்டுக் கிளம்புங்க. இன்டர்நெட் இருந்தா செயற்கைக்கோள் விவரத்தை போன் நெட்டில் இருந்து சில நொடியில் வாங்கிரும். இல்லைன்னா வானத்திலிருந்து சொட்டுச் சொட்டா வாங்கணும். ஒரு கோளோட பாதையை அறிய 30 நொடி, மொத்தக் கோளோட பட்டியலுக்கு 12.5 நிமிஷம். நெட் இல்லாத கடலில் போன் இடம் பிடிக்கத் தடுமாறுறதுக்குப் பாதி காரணம் இதுதான்.

31 ஆகஸ்ட்

எல்லாம் போச்சு.

முந்தாநாள் ராத்திரி அப்டேட் வந்து தானா ஏறிக்கிச்சு. காலையில் "உங்கள் போன் இப்போது இன்னும் வேகமாக"ன்னு ஒரு அறிவிப்பு. நேத்து ராத்திரி கடலுக்குப் போனார், 2.58-க்குப் புள்ளி நின்னுச்சு. நாங்க மாத்தி வச்ச நாலில் மூணு பழையபடி ஆகியிருக்கு. யாரைக் கேட்டு மாத்தினாங்க? "எப்போதும்"னு அனுமதி கொடுத்தது நான். போன் என் காசு. கேக்காம என் கட்டளையை அழிக்க அவனுக்கு என்ன உரிமை?

இந்தத் தடவை வாசப்படியில் உக்காரலை. புள்ளி நின்னா போன் கோளாறுன்னு மனசைத் தேத்திக்கிட்டு படுத்தேன். படுத்தப்புறம்தான் அது எவ்வளவு ஆபத்தான நினைப்புன்னு உறைச்சுது. நாளைக்கு நெசமாவே ஒண்ணு ஆகிப் புள்ளி நின்னா? அப்பவும் போன் கோளாறுன்னு திரும்பிப் படுத்துக்குவேனா?

2 செப்டம்பர்

சர்வீஸ் சென்டருக்கு பஸ் பிடிச்சுப் போனோம், அரை நாள் தொழில் போச்சு. "ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க"ன்னாங்க. அந்த நேர்கோட்டைக் காட்டினேன். அந்தப் பையன் ரொம்ப நேரம் பார்த்தான். "அக்கா, ஹார்டுவேர்ல கோளாறு இருந்தாத்தான் நாங்க எழுத முடியும். இது எங்க லிஸ்ட்லயே இல்ல"ன்னான். அவன் மேல எனக்கு வருத்தமில்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு அவன் என்ன மருந்து கொடுப்பான்.

அங்கேயே காத்திருந்த நேரத்தில் போனில் மூணு விளம்பரம் வந்தது. ஒண்ணு ரம்மி.

5 செப்டம்பர்

விளம்பரத்துக்கு மகன் ஒரு வழி பண்ணினான். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். யூஎஸ்பி டீபக்கிங் போட்டு, கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி, ஏடிபிங்கிற கம்ப்யூட்டர் கருவி வழியா கம்பெனி திணிச்ச செயலிகளில் பதினொண்ணைத் தூக்கிட்டான். ஒவ்வொண்ணும் என்னன்னு தேடிப் பார்த்துட்டுத்தான் தூக்கணும், கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கினா போனே எந்திரிக்காமப் போகலாம். ரீசெட் பண்ணினா எல்லாம் திரும்ப வந்துரும், அதையும் தெரிஞ்சுக்குங்க.

ஐபோனில் இந்த மாதிரி கிளறவும் முடியாது, கிளற வேண்டிய தேவையும் குறைவு. ஒரு விஷயம் மட்டும் மச்சானுக்கு இடிக்கலாம். யாராவது ஸ்டோர் வழியா இல்லாம ஏபிகே கோப்பாச் செயலி அனுப்பினா ஆண்ட்ராய்டில் போட்டுக்கலாம், ஐபோனில் ஏறாது. நம்ம நாட்டில் ஆப் ஸ்டோர் வழியாத்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃபிஷர் ஃப்ரண்ட் செயலியை எங்க பக்கம் நிறையப் பேர் வச்சிருக்காங்க. காத்து, அலை, மீன் இருக்கிற பகுதி, எல்லைக் கோடு நெருங்கினா எச்சரிக்கை, எல்லாம் தமிழில். எடுக்கப் போற போனில் உங்களுக்கு வேண்டிய செயலி கிடைக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடி பார்த்துக்குங்க.

8 செப்டம்பர்

நீங்க யாரும் நம்பலைன்னா பரவாயில்லைன்னு சொந்தமாச் சோதிச்சோம். என் தம்பி சவூதியிலிருந்து வரும்போது கொண்டு வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எங்க பழைய ஆண்ட்ராய்டு, புதுப் போன். மூணையும் ஒரே உறையில் அடுக்கி, ஒரே செயலி போட்டு, திரையை அணைச்சு, ஒரே படகில். 2.45-க்குக் கிளம்பி 8.20-க்குக் கரை.

எக்ஸ்ஆர்: கோடு முழுசு. சார்ஜ் 100-லிருந்து 58.
பழைய போன்: கோடு முழுசு. 100-லிருந்து 31.
புதுசு, நாலு பொத்தானும் திரும்பப் போட்டு: கோடு முழுசு. 100-லிருந்து 74.

அடுத்த ராத்திரி புதுசை மட்டும், கடையில் கொடுத்த மாதிரியே, ஒண்ணும் மாத்தாம அனுப்பினோம். 19 நிமிஷம். அதுக்கு மேல பதியலை.

மூணில் நல்ல பொருள் புதுசுதான். அதான் எனக்கு ஆத்தாமையே. கப்பல் மாதிரி படகைக் கட்டிட்டு சுக்கானைக் கரையிலேயே ஒருத்தன் வச்சுக்கிட்டா எப்படி?

9 செப்டம்பர்

தம்பி படிச்சுட்டுப் போன் பண்ணினான். எக்ஸ்ஆருக்குப் போன வருஷம் பேட்டரி மாத்தினானாம். பழைய போனுக்கு அஞ்சு வருஷப் பேட்டரி. அதனால் சார்ஜ் கணக்கை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க. கோட்டுக் கணக்கு மட்டும் நிக்கும்.

19 செப்டம்பர்

இந்த வாரம் ஐபோனை ஓட்டுற ஐஓஎஸ்ஸில் 18-க்கு அடுத்து நேரா 26-ன்னு வந்திருக்கு. வருஷக் கணக்கில் பேர் வைக்கிறாங்களாம். தம்பியோட எக்ஸ்ஆர் அதில் சேரலை. 2018-ல் வந்த போன், ஏழு வருஷம் அப்டேட் கூடவே வந்திருக்கு. குறை சொல்ல முடியாது.

ஆண்ட்ராய்டிலும் இப்போ பிக்சல் 8, சாம்சங் எஸ்24-லிருந்து ஏழு வருஷம் தர்றதாச் சொல்லியிருக்காங்க. ஆனா அதெல்லாம் விலை உசந்த வரிசை. எங்க விலைக்கு எத்தனை வருஷம்னு பெட்டியில் தேடிப் பாருங்க, பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்கணும்.

21 செப்டம்பர்

பேச்சு வேற பக்கம் போகுது, இருந்தாலும் சொல்றேன். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறலாம்னு ஒரு நேரம் நினைச்சேன். என்னைத் தடுத்தது மாமனாரோட குரல். அவர் போய் மூணு வருஷம் ஆகுது. எழுதத் தெரியாது, எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். "தாயி, கச்சான் காத்து கூடுது, அவன இன்னிக்கு விடாத." "தாயி, ஊடகம் மீனு நல்லாக் கெடச்சிருக்கு, சட்டிய அடுப்புல வையி." இருநூத்துக்கு மேல இருக்கு.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் சேமிப்பு கூகுள் கணக்கில் உக்காரும், ஐபோனில் ஐகிளவுடில். ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்கு நேரா எடுக்க முடியாது. 2022-லிருந்து ஆப்பிளோட மூவ் டு ஐஓஎஸ் செயலி வழியா மாத்தலாம், ஆனா ஐபோன் புதுசா, இல்லை ரீசெட் பண்ணினதா இருக்கணும். முதல் நாள் அமைக்கும்போதே செஞ்சுரணும். நாலு நாள் ஓட்டிட்டு அப்புறம் மாத்தலாம்னு இருந்தா முடியாது. மச்சான் போனில் இப்படி ஏதாவது இருக்கான்னு அக்காகிட்ட கேளுங்க. இருக்கும். எல்லார் போனிலும் இருக்கும்.

நான் அந்தக் குரலையெல்லாம் தனியா ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வச்சிருக்கேன்.

28 செப்டம்பர்

இடையில் ஒருத்தர் தனுஷ்கோடி பக்கம் போனா எந்தப் போன் இலங்கை டவரைப் பிடிக்காதுன்னு கேட்டார். ரெண்டுமே பிடிக்கும். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, தண்ணிக்கு மேல அலைவரிசை தடையில்லாம வந்துரும். ரோமிங்கை அணைச்சு வைங்க, நெட்வொர்க்கைத் தானியங்கியில் விடாம நம்ம கம்பெனியைக் கையால தேர்ந்தெடுத்து வைங்க. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இந்த வசதி இருக்கு. மணி மாறிப் போகுமோன்னு பயப்பட வேண்டாம், 2006-லிருந்து ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

கேட்டவர் சுற்றுலா போறவர். எங்க ஆளுங்களுக்கு அந்த வரவேற்பு எஸ்எம்எஸ் வந்தா வயித்தைக் கலக்கும். எல்லைக் கோட்டை நெருங்கிட்டோமோன்னு கை தானா சுக்கானைத் திருப்பும். டவரை வச்சு எல்லையைக் கணக்குப் போடக் கூடாது, கரையோரத்திலேயே வரும். வானம் திறந்திருந்தா போன் ஜிபிஎஸ் அஞ்சு மீட்டர் சுத்தத்துக்குச் சரியாச் சொல்லும், அதை நம்பலாம். அது தூங்காம இருந்தா.

6 அக்டோபர்

கேள்வி கேட்ட துபாய் தம்பி நாளைக்கழிச்சு வர்றாராம், முடிவா என்ன வாங்கன்னு கேட்டிருக்கார்.

எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன். பழைய போனுக்குப் புது பேட்டரி போட்டோம். அதுதான் மறுபடி கடலுக்குப் போகுது. புதுசு வீட்டில் என்கிட்ட. தவணை இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதோட நல்ல திரையில் பழைய போன் அனுப்புற புள்ளியைப் பார்க்கிறேன். வாடை தொடங்கப் போகுது, இனிமேல்தான் புள்ளி முக்கியம்.

உங்களுக்கு: ஐபோன் வாங்க வசதி இருந்தா வாங்குங்க, ரெண்டு வருஷம் பழைய மாடலா இருந்தாலும் போதும். ஆண்ட்ராய்டுன்னா கம்பெனி சட்டை மெலிசா இருக்கிறதா எடுங்க. எதை எடுத்தாலும் கடையை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி தடம் பதியுற செயலி ஒண்ணைப் போட்டு, திரையை அணைச்சு, பையில் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் அந்தத் தெருக்களைச் சுத்துங்க. கோடு வளைஞ்சு விழுந்திருந்தா வாங்குங்க. வீட்டுக் கூரைக்கு மேல நேராப் போயிருந்தா திருப்பிக் கொடுத்துருங்க.

வாரண்டி இந்தியாவில் செல்லுமான்னு எழுதி வாங்குங்க. உறை ரெண்டா வாங்குங்க, ஒண்ணு எப்படியும் வலைக் கொளுவியில் கிழியும்.